‘அட் த மேர்சி ஒஃப்’, ‘அட் த விம் ஒஃப்’: எதை எங்கே எழுதுவது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிக்குடிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்யும் தங்கச்சி ஒருவர், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரை விவசாயிகளையும் கிழக்கே கடல் பக்கம் உள்ள எழுவான்கரை மீனவர்களையும் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை எழுதியிருக்கிறார். மழை, வெள்ளம், நெல் விலை, வாய்க்கால் தண்ணீர் என்று எல்லா இடத்திலும் ‘அட் த மேர்சி ஒஃப்’ (at the mercy of) என்றே போட்டிருக்கிறார். மேலதிகாரி சில இடங்களில் அதை வெட்டி ‘அட் த விம் ஒஃப்’ (at the whim of) என்று மாற்றியிருக்கிறார், ஓரிடத்தில் ‘டிஸ்கிரிஷன்’ (discretion) என்று எழுதித் திருப்பி அனுப்பியிருக்கிறார். “மூன்றும் ஒன்றுதானே? மற்றவங்கட கையில எங்கட சனம் கிடக்கு என்கிறதுதானே எல்லாத்துக்கும் கருத்து?” என்று கேட்கிறார்.

ஒன்றல்ல, தங்கச்சி. உங்கள் மேலதிகாரி மாற்றியதில் நியாயம் இருக்கிறது. மட்டக்களப்பு மாவட்டத்து அறிக்கைகளைப் பல வருடமாக இரண்டு மொழிக்கும் மாற்றிக் கொடுத்துவருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: எங்கள் சனத்தைப் பற்றிய அறிக்கைகளில் அதிகம் கெடுதல் செய்கிற பிழை இதுதான். இலக்கணப் பிழையாக இருந்தால் யாராவது திருத்திவிடுவார்கள். இது வாசிக்கும்போது சரியாகவே தெரிவதால் தப்பிப் போய்விடுகிறது.

குறுகிய பதில் இப்படி. உங்களைவிட வலுவான எதன் முன்னாலும் நீங்கள் கையறு நிலையில் நின்றால் ‘அட் த மேர்சி ஒஃப்’. அது கடலாக இருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், முதலாளியாகவும் இருக்கலாம். ‘அட் த விம் ஒஃப்’ என்றால் எதிரில் கட்டாயம் ஒரு மனம் இருக்க வேண்டும். அந்த மனம் இன்றைக்கு ஒன்று, நாளைக்கு இன்னொன்று சொல்லும், காரணமும் சொல்லாது. மூன்றாவதான ‘அட் த டிஸ்கிரிஷன் ஒஃப்’ என்பது சட்டமோ ஒப்பந்தமோ ஒருவருக்குக் கொடுத்த தீர்மானிக்கும் உரிமை. முடிவு எடுப்பது அவர்தான், ஆனால் அந்த முடிவுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும்.

‘விம்’ என்பதைச் சுலபமாக முடித்துவிடலாம். நினைத்தால் நினைத்ததுதான், எடுத்தேன் கவிழ்த்தேன் என்று நடப்பது, தான் பிடிச்ச முயலுக்கு மூன்று கால் என்று நிற்பது, இவை எல்லாம் அதற்குள் அடங்கும். வளைகுடாவுக்கு வீட்டு வேலைக்குப் போன எங்கள் பெண்பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். கடவுச்சீட்டு வீட்டுக்கார அம்மாவின் அலுமாரியில் இருக்கும். லீவு உண்டா, ஊருக்குப் பேச விடுவார்களா, இந்த மாதம் சம்பளம் வருமா, எல்லாம் அந்த அம்மா காலையில் எந்த முகத்தோடு எழும்புகிறார் என்பதைப் பொறுத்தது. அந்த நிலைமைக்கு ‘அட் த விம் ஒஃப்’ அச்சொட்டாகப் பொருந்தும். ‘அட் சம்வன்ஸ் பெக் அண்ட் கோல்’ (at someone's beck and call) என்பதையும் சிலர் இதே இடத்தில் போடுகிறார்கள். அது வேறு. கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து ஏவல் செய்கிற நிலைமை அது. ஏவல் தினமும் ஒரேமாதிரி, ஒழுங்காகக்கூட இருக்கலாம். ‘விம்’ என்பதில் கொடுமையே அடுத்தது என்னவென்று தெரியாததுதான்.

இன்னொன்று. ‘ஒன் எ விம்’ (on a whim) என்று எழுதிவிடாதீர்கள். அது முடிவு எடுப்பவரின் பக்கம் நின்று பேசுவது: மனதில் பட்டது, உடனே செய்தார். ‘அட் த விம் ஒஃப்’ அந்த முடிவின் கீழ் கிடப்பவரின் பக்கம் நின்று பேசுவது. உங்கள் அறிக்கை யாருடைய பக்கத்தில் நிற்கிறது என்பது இந்த ஓர் உருபில் தெரிந்துவிடும். மழையின் ‘விம்’, பருவக்காற்றின் ‘விம்’ என்று ஆங்கிலத்தில் அலங்காரமாக எழுதுவோர் உண்டு. கட்டுரையில் எழுதலாம், அறிக்கையில் வேண்டாம். மழைக்கு மனம் இல்லை.

‘மேர்சி’க்குத்தான் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எல்லாரும் அதைக் கருணை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தொடரின் வேர் கோயில் பக்கத்தில் இருப்பதைவிட நீதிமன்றத்தின் பக்கத்தில் அதிகம் இருக்கிறது. மத்தியகால இங்கிலாந்தில் ஒருவர் சின்னக் குற்றம் ஒன்றில் மாட்டினால், அவர் அரசனின் ‘மேர்சி’க்குள் விழுந்துவிட்டார் என்று பதிவு செய்வார்கள். ‘மிசெரிகோர்டியா’ என்று இலத்தீனில் எழுதுவார்கள். அதன் நடைமுறைக் கருத்து தண்டம். எவ்வளவு தண்டம் என்று முன்கூட்டிச் சொல்லும் அளவுகோல் இல்லை. கேட்டதைக் கட்ட வேண்டியதுதான். வேலியை மாடு தாண்டியதற்கு மாடே போய்விடலாம்.

1215இல் ஜோன் அரசனிடம் பிரபுக்கள் வாங்கிய மாக்னா கார்ட்டாவின் 20ஆம் பிரிவு இதைத்தான் பிடித்துக் கட்டியது. தண்டம் குற்றத்தின் அளவுக்குத் தக்கதாக இருக்க வேண்டும். வியாபாரியிடம் தண்டம் வாங்கினாலும் அவனது வியாபாரச் சரக்கைத் தொடக்கூடாது. பண்ணைக்குக் கட்டுப்பட்ட உழவனிடம் வாங்கினாலும் அவன் பயிர் செய்வதற்கு வேண்டிய உடைமையைத் தொடக்கூடாது. தண்டத்தை நிர்ணயிப்பவர்கள் அந்த அயலைச் சேர்ந்த நேர்மையான ஆட்கள், அதுவும் சத்தியம் செய்து. அரசனின் ‘மேர்சி’க்குள் விழுந்தவனுக்கும் ஓர் எல்லைக் கல் நட்டிருக்கிறார்கள். எண்ணூறு வருடத்துக்கு முன்னால் கண்காணாத ஊரில் ஓர் உழவனின் உழவுச் சாமானைப் பற்றி எழுதிய வரி இது. இதை வாசிக்கும்போதெல்லாம் கடன் தவணைக்காகச் சூடடிக்கும் களவெட்டியிலேயே கைமாறும் எங்கள் நெல் மூடைகள்தான் எனக்கு ஞாபகம் வரும்.

பிறகு அந்தத் தொடர் நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்து, கடலுக்கும் புயலுக்கும் பரவியது. எங்களுக்கு அந்தக் கருத்தை யாரும் விளக்கத் தேவையில்லை. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி மட்டக்களப்பை அடித்துப் போட்டபோதும், 2004 டிசம்பர் 26 காலை கடல் ஊருக்குள் வந்தபோதும், இந்தக் கரையில் இருந்த ஒவ்வொருவரும் ‘அட் த மேர்சி ஒஃப்’ என்ற நிலையில்தான் இருந்தோம். கடலிடம் மனுக் கொடுக்க முடியாது. ஏன் இந்த வீட்டை எடுத்தாய், பக்கத்து வீட்டை விட்டாய் என்று கேட்டால் பதில் சொல்லும் வாயும் அதற்கு இல்லை.

ஆனால் அந்தக் கடலுக்கு அடுத்து நடந்ததைப் பாருங்கள், உங்கள் கேள்வியின் நடு முடிச்சு அதில்தான் இருக்கிறது. சுனாமிக்குப் பிறகு கரையோரத்தில் வீடு கட்டத் தடைவலயம் அறிவித்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு போன்ற ஊர்கள் கடலுக்கும் வயலுக்கும் நடுவே நெருக்கி நெருக்கிக் குடியிருக்கிற ஊர்கள். நாவலடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அங்கே 200 மீற்றர் என்று கோடு போட்டால் கோட்டுக்கு அந்தப் பக்கம் எவ்வளவு ஊர் மிஞ்சும்?

ஒரு கரையோரக் கிராமத்தில் அளக்க வந்தவர்களோடு மொழிபெயர்ப்புக்காக நானும் போயிருந்தேன். நாடாவைக் கடற்கரையிலிருந்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். ஒரு வளவில் சுவர் எல்லாம் விழுந்து அத்திவாரம் மட்டும் கிடந்தது. நாடா அந்த அத்திவாரத்துக்கு மேலே, முன்கூடம் இருந்த இடத்துக்கும் அடுப்படி இருந்த இடத்துக்கும் நடுவில் வந்து முடிந்தது. வீட்டுக்காரி அந்த இடத்தில் காலை வைத்துக்கொண்டு கேட்டாள்: “அப்ப நாங்க அடுப்படிக்குள்ள மட்டும் இரிக்கலாமா? கடல் எடுத்த ஊட்ட இப்ப நீங்களும் எடுக்கப் போறீங்களா?” வந்திருந்த வெளிநாட்டுக்காரருக்கு அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது என் வேலை. சொன்னேன். அவர் கொப்பியில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். கரையோரக் குடும்பங்கள் இன்னும் கடலின் ‘மேர்சி’யில் இருக்கின்றன என்று எழுதியிருந்தார்.

அந்தப் பெண் கடலைப் பற்றிக் கேட்கவில்லை. நாடாவைப் பற்றிக் கேட்டாள். நாடாவுக்குப் பின்னால் ஒரு மேசை இருந்தது, மேசையில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. அங்கே 100, இங்கே 200 என்றால் அதற்கு யாரோ ஒருவர் காரணம் சொல்ல வேண்டும். சனம் கேட்டது அந்தக் காரணத்தைத்தான். கேட்டுக் கேட்டு, ஒரு வருடம் கழியும்போது அந்த அளவே தளர்த்தப்பட்டது. தளர்த்தக்கூடிய ஒன்றாக அது இருந்ததே அது கடல் அல்ல என்பதற்குச் சாட்சி. ‘மேர்சி’ என்று எழுதினால் அந்த மேசை வாசகரின் கண்ணில் இருந்து மறைந்துவிடுகிறது. அறிக்கை எழுதுகிற எங்களுக்கு அதை மறைக்க உரிமை கிடையாது.

அப்படியானால் அந்த முடிவை ‘விம்’ என்று எழுதலாமா? நான் எழுதமாட்டேன். உயிர்ப் பாதுகாப்பு என்று ஒரு காரணம் வெளிப்படையாகவே சொல்லப்பட்டது. பொருத்தமான சொல் ‘ஆர்பிட்ரரி’ (arbitrary). காரணம் சொல்லப்பட்டது, ஆனால் இரண்டு கரைக்கும் இரண்டு அளவு வைத்ததற்கு அந்தக் காரணம் போதவில்லை என்ற குறையை அது சரியாகச் சொல்லும். கோபம் நியாயமாக இருந்தாலும் சொல் மிஞ்சிவிட்டால் எதிர்ப்பக்கம் அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே முழு அறிக்கையையும் தள்ளிவிடும்.

‘விம்’ என்று நான் கை நடுங்காமல் எழுதுவது 2021 பசளை விவகாரத்தை. மே 6ஆம் திகதி வர்த்தமானியில் இரசாயனப் பசளை, கிருமிநாசினி இறக்குமதி நிறுத்தப்பட்டது. படிப்படியாகப் போகும் திட்டம் இல்லை, மாற்றாகக் கொடுக்கச் சேதனப் பசளை போதியளவு இல்லை. நவம்பரில் தடையை நீக்கினார்கள். அந்த நவம்பரில் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. யூரியா போட்டால்தான் பயிர் எழும்பும் என்று பழகிய நிலத்தில், வருமா வராதா, வந்தால் என்ன விலை என்று தெரியாமல் விதைத்தவர்கள் எங்கள் ஆட்கள். ஒரு போகத்துக்குள் போட்டு ஒரு போகத்துக்குள் எடுத்த முடிவு. அதற்குக் கீழே கிடந்தவர்களின் நிலைமைக்கு ஆங்கிலத்தில் இதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியவில்லை.

இந்தக் குடும்பத்தில் ‘அட் த பிளெஷர் ஒஃப்’ (at the pleasure of) என்று இன்னொரு தொடரும் இருக்கிறது. உங்கள் அறிக்கையில் வராது, ஆனால் எங்கள் மூத்த தலைமுறை அரச ஊழியர்களைக் கேட்டால் அது என்னவென்று வயிற்றிலிருந்து சொல்வார்கள். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின்படி அரச ஊழியர் முடியின், அதாவது பிரித்தானிய முடியாட்சியின், ‘பிளெஷர்’ (விருப்பம்) உள்ளவரைதான் பதவியில் இருப்பார், அதாவது வேண்டாம் என்றால் நிறுத்தலாம். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சை எழுதாத தமிழ் ஊழியர்களின் சம்பள ஏற்றத்தை 1960களின் தொடக்கத்தில் நிறுத்தினார்கள். கோடீஸ்வரன் என்ற எழுதுவினைஞர் வழக்குப் போட்டார். மாவட்ட நீதிமன்றம் 1964இல் அவர் பக்கம் தீர்த்தது. உயர் நீதிமன்றம் 1967இல் அதை மாற்றி, முடியின் ஊழியர் சம்பளத்துக்காக வழக்காட முடியாது என்றது. 1969 டிசம்பரில் அப்போது எங்களுக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் அதையும் மாற்றியது. ஊழியரை விருப்பப்படி நிறுத்தலாம், ஆனால் அவர் உழைத்த சம்பளம் கடன், அதைக் கேட்டு வழக்காடலாம் என்றது. சிங்களத்தை மட்டும் அரச மொழியாக்கிய 1956ஆம் ஆண்டு மொழிச் சட்டம் செல்லுமா என்ற பெரிய கேள்விக்குள் கவுன்சில் போகவில்லை. என்றாலும் இந்த வழக்கை நான் விடாமல் எல்லாருக்கும் சொல்வதற்குக் காரணம் உண்டு. ‘பிளெஷர்’ என்று அரசியலமைப்பிலேயே எழுதியிருந்த இடத்திலும் ஒரு சாதாரண எழுதுவினைஞர் போய் நின்று, அது எதுவரைக்கும் என்று கேட்டார்.

இனி ‘டிஸ்கிரிஷன்’. உங்கள் மேலதிகாரி இதை எழுதியது வாய்க்கால் தண்ணீர் பற்றிய பந்தியில் என்று சொன்னீர்கள். மிகச் சரி. உன்னிச்சையோ நவகிரியோ, ஒரு குளத்தின் கீழ் வயல் செய்பவருக்குத் தண்ணீர் எப்போது திறக்கும், எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தத் திகதிக்குள் விதைத்து முடிக்க வேண்டும் என்பதெல்லாம் போகத்துக்கு முன்னால் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படும். நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கும் கூட்டம் அது. அரசாங்க அதிபரோ அவர் சார்பில் ஒருவரோ தலைமை தாங்குவார், நீர்ப்பாசனப் பொறியியலாளர் இருப்பார், வயல்வெளிக்குப் பொறுப்பான வட்டவிதானைமார் இருப்பார்கள், விவசாயிகள் கை தூக்குவார்கள். தீர்மானம் பதிவாகும். கடைவாய்க்காலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் அந்தப் பதிவைக் காட்டிக் கேட்கலாம். இதைப் போய் ‘மேர்சி’ என்று எழுதினால், இருக்கிற உரிமையை நாங்களே இல்லையென்று எழுதிக் கொடுத்ததாகிவிடும்.

அம்பாறையின் கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்து இடதுகரையை இதற்கு உதாரணம் காட்டலாம். மேல்மடைக்காரர் எடுத்து மிஞ்சியதுதான் கடைமடைக்கு என்று கிடந்த இடம். 1980களின் தொடக்கத்தில் கமநல ஆய்வு நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, வாய்க்கால் வாய்க்காலாக விவசாயிகளைக் குழுவாகச் சேர்க்க இளம் அமைப்பாளர்களை அனுப்பினார்கள். வாய்க்காலைச் சனமே துப்புரவாக்கி, முறைவைத்துத் தண்ணீர் விடத் தொடங்கினார்கள். அதே குளம், அதே மழை. மாறியது யார் தீர்மானிக்கிறார், எப்படித் தீர்மானிக்கிறார் என்பதுதான்.

சட்டத்தின் பார்வையும் இதுவே. கட்டற்ற தற்றுணிபு (‘டிஸ்கிரிஷன்’ என்பதற்குச் சட்டத் தமிழ் இதுதான்) என்று பொதுச் சட்டத்தில் ஒன்றும் இல்லை, அதிகாரிக்குக் கொடுத்த தற்றுணிபு பொதுமக்களுக்காக நம்பி ஒப்படைத்தது என்று எங்கள் உயர் நீதிமன்றம் 1990களிலேயே சொல்லிவிட்டது. 2016இன் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, அந்த முடிவை ஏன் எடுத்தீர்கள் என்று எழுதிக் கேட்பதற்கு வழியும் இருக்கிறது.

சில விடயங்களில் இரண்டும் கலந்து நிற்கும். முகத்துவாரம் வெட்டுவது அப்படி. மாரியில் வாவி நிறைந்து படுவான்கரை வயல்கள் தண்ணீருக்குள் கிடக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில் மணல்மேடு அடைத்திருக்கும். அதை வெட்டிவிட்டால் வெள்ளம் வடியும். வயல்காரர் இன்றைக்கே வெட்டு என்பார்கள். வாவியில் மீனும் இறாலும் பிடிப்பவர்கள் கொஞ்சம் பொறு, இப்போது வெட்டினால் எல்லாம் கடலோடு போய்விடும் என்பார்கள். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. மழை பெய்ததற்கு ‘மேர்சி’ சரி. மணல்மேட்டை எந்த நாளில் வெட்டுவது என்பது மாவட்ட நிர்வாகம் எடுக்கும் முடிவு, அங்கே ‘டிஸ்கிரிஷன்’. ஒரே பந்தியில் இரண்டும் வரலாம், வர வேண்டும். ஆனால் எது எங்கே முடிந்து எது தொடங்குகிறது என்று வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் பந்திகளுக்கு நான் செய்யக்கூடிய திருத்தம் இவ்வளவுதான். வெள்ளப் பந்தியில் ‘மேர்சி’ இருக்கட்டும், முகத்துவார வரியை மட்டும் பிரித்து எழுதுங்கள். வாய்க்கால் பந்தியில் ‘டிஸ்கிரிஷன்’ என்பதை வைத்துக்கொண்டு, ஆரம்பக் கூட்டத்தில் என்ன திகதி தீர்மானித்தார்கள், தண்ணீர் உண்மையில் எந்தத் திகதியில் வந்தது என்று இரண்டையும் போடுங்கள்.

நெல் விலைப் பந்தியில் மேலதிகாரி ‘விம்’ என்று மாற்றியது எனக்குப் பாதிதான் திருப்தி. கொள்வனவு விலை அறிவிப்பது அரசாங்கம், களவெட்டிக்கு வந்து ஈர நெல் என்று சொல்லி விலையை அடிப்பது வியாபாரி. இருவரையும் ஒரு தொடருக்குள் போட்டால் யார் என்ன செய்தார் என்று தெரியாமல் போகும். வியாபாரியின் வரியில் ‘மேர்சி’ என்று எழுதுங்கள். அவர் மனம் மாறுவதில்லை, குறைவாக வாங்க வேண்டும் என்பதில் எப்போதும் ஒரே மனம்தான். கையில் காசும் நெல் காயவைக்க இடமும் இல்லாதவன் அவர் முன்னால் வலுவிழந்து நிற்கிறான், அவ்வளவுதான். அரசாங்க வரியில் எந்த மரபுத்தொடரும் வேண்டாம். 2025ஐ எடுங்கள். ‘நாடு’ வகை நெல் கிலோ 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று பெப்ரவரி 5ஆம் திகதி அறிவித்தார்கள். அந்த நேரம் அம்பாறையில் நெல் வெட்டு தொடங்கிவிட்டது. நீங்கள் பேசிய விவசாயிகள் ஒவ்வொருவரும் எந்தத் திகதியில் வெட்டினார்கள், எந்தத் திகதியில் என்ன விலைக்குக் கொடுத்தார்கள் என்று கேட்டு, அந்தத் திகதிக்குப் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.